எந்த ஊர் என்று கேட்டவர்

பம்பாய், 8-2-1970

அம்மாவுக்கு ஐயாவு வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம்தான். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அறுப்புக் கூலித் தகராறு தீர்ந்ததா? அப்பாவைத் தனியாக வயல்பக்கம் போகவிடாதீர்கள்.

போன மாதம் கடையில் ஒரு வேடிக்கை. ஒருவர் பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்து ஒரு ரூபாய்க்கு சோப்பு வாங்கினார். மீதி ஒன்பதை நான் தமிழில் எண்ணிக் கொடுத்ததைக் கேட்டு, "எந்த ஊரு தம்பி?" என்றார். பூதலூர் என்றேன். "அட, சம்பா அறுப்பு ஆயிடுச்சா?" என்றார். தமிழ் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது, பேசிக்கொண்டே இருந்தேன். நடுவில், "சில்லறை இருக்கு, நோட்டைக் குடுங்க" என்று ஒரு ரூபாயை நீட்டினார். நோட்டைக் கொடுத்துவிட்டேன், ஒன்பதைத் திரும்ப வாங்கவில்லை. அவர் போன பிறகுதான் உறைத்தது. சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள், பெரிதில்லை. இப்போதெல்லாம் ஒரு கணக்கு முடியாமல் அடுத்ததைத் தொடுவதில்லை. மீதி கொடுக்கும்வரை பேசுவதும் இல்லை.

பழைய போர்வை ஒன்று அனுப்புங்கள். தங்கச்சி வேம்புவை இன்னும் நீளமாக எழுதச் சொல்லுங்கள். தெருவில் யாருக்கு யாரோடு சண்டை என்று எழுதினாலும் போதும்.

கடை திறக்க நேரமாகிறது. நேற்றும் ஒருவர் தமிழில் எந்த ஊர் என்று கேட்டார். மீதியை எண்ணிக் கொடுத்துவிட்டு, இனிச் சொல்லலாம் என்று நிமிர்ந்தேன். அதற்குள் அவர் படியிறங்கிப் போயிருந்தார்.

ஐயாவு