ஏறின இடத்திலேயே இறங்கும் கப்பல்

1985 மார்ச் 3, ஞாயிறு

காலையில் கடும் பனி. வெயில் ஏறியும் விரல் மடங்கவில்லை. கோயில் ஆராதனைக்குப் போகமுடியவில்லை. தோட்டத்து மேல் லயத்தில், ஒரு தொழிலாளி வீட்டில் பிரசவம். பெண் குழந்தை. தாய் சுகம். சவர்க்காரம் தீர்ந்துவிட்டது, மஸ்கெலியா போகும்போது வாங்க வேண்டும். டெட்டோலும்.

மாலை ஸ்டாஃப் கிளப்பில் டி.வி. வெள்ளைக்காரர் உல்லாசக் கப்பல் பற்றி ஒரு படம் போடுகிறார்கள், லயத்து ஆட்களும் வந்து பார்க்கலாம் என்று தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் சொல்லி அனுப்பியிருந்தார். என்ன தாராளம். வந்தவர்களுக்குத் தரையில் சாக்கு விரிப்பு. ஸ்டாஃபுக்கு நாற்காலி. மிட்வைஃப் என்பதால் எனக்கும் ஒன்று, கிளாக்கர் மனைவிக்குப் பக்கத்தில். கையில் ஒரு துண்டு கேக் வேறு.

கப்பலா அது? ஹட்டன் டவுனை அப்படியே பெயர்த்துத் தண்ணீரில் விட்டதுபோல. பார்த்ததில் குமட்டியவை:

பனிக்கட்டியில் செதுக்கிய அன்னப்பறவை. அதன் முதுகில் மீன் முட்டை.

சுற்றிலும் கடல். நடுவில் நீந்த ஒரு தொட்டி.

ஒரு கிழவியின் நாய்க்குத் தனி அறை, தனி மெத்தை. பத்துப் பேர் படுக்கும் லயக் காம்பராவைவிட அந்த அறை பெரிது.

கடைசியில் சாப்பாட்டு மண்டபம். ஒரு கடி கடித்த கோழிக்கால், தொடாத ரொட்டி, பழம், எல்லாவற்றையும் வண்டியில் தள்ளிப்போய்க் குப்பையில் கவிழ்த்தார்கள். கவிழ்ப்பவன் நம்மைப்போல் கறுப்பு. தரையில் இருந்தவர்கள் ஒரே குரலில் "ச்சீ" என்றார்கள். நாற்காலிகளில் சத்தமில்லை. கேக்கை மடியில் வைத்துவிட்டேன்.

நீச்சல்காரிகள் வந்தபோது வாலிபர்கள் விசில். பழைய கங்காணியின் மனைவி முந்தானையால் முகத்தை மூடினாள். துணி மெல்லியது, நன்றாகவே பார்த்திருப்பாள்.

பாக்கியம்தான் கேட்டாள். கீழ் லயம், தேயிலைக் கொழுந்து பறிப்பவள், வம்புதும்புக்குப் போகாதவள். "இம்புட்டுப் பேரும் எந்த ஊருக்கு போறாங்க, கிளாக்கரய்யா?"

எந்த ஊருக்கும் இல்லை, கடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறின இடத்திலேயே வந்து இறங்குவார்கள் என்றார் கிளாக்கர். அவள் நம்பவில்லை. திரும்பவும் கேட்டாள். அப்போதுதான் அந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"ஒன் புருசனும் கப்பல்லதானே போனான் பாக்கியம். நல்லா உத்துப் பாரு, அந்தத் தொட்டில நீஞ்சிக்கிட்டு கெடப்பான்."

சிரிப்பு. நாற்காலிகளில் மட்டுமில்லை, தரையிலும்தான். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு.

பாக்கியத்தின் புருசன் போனது தலைமன்னார்க் கப்பலில். அவன் பிரஜாவுரிமை அவன் அப்பனோடு இந்தியாவுக்கு எழுதப்பட்டது. இவளுடையது இவள் அப்பனோடு இலங்கைக்கு. கல்யாணத்துக்கு முன்னால் யாரோ போட்ட கையெழுத்து. அவனை அனுப்பிவிட்டார்கள். மகள் செல்விக்கு அப்போது ஆறு வயது. பின்னால் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று போனவன். முதலில் கடிதம் நின்றது. போன வருடம் கப்பலும் நின்றது.

பாக்கியம் அழவில்லை, ஏசவில்லை. எழுந்து போய் டி.வி.க்கு முன்னால் எங்களைப் பார்த்து நின்றாள். திரை முழுவதும் மறைந்துபோயிற்று. நகரச் சொன்னார் கிளாக்கர். நகரவில்லை. படம் முடிந்து தேசியக் கொடியும் கீதமும் வரும்வரை அங்கேயே. காவல்காரனைக் கூப்பிட்டார். அவன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான், உள்ளே வரவில்லை.

கேக்கைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தேன். கோழிகளுக்குப் போட்டேன்.

மார்ச் 4, திங்கள்

வெயில். காற்று. கிளினிக், தாய்மார் குறைவு.

விடிய பெரட்டில் அன்றைய வேலைக்குக் கணக்கப்பிள்ளை எல்லார் பெயரையும் கூப்பிட்டானாம், பாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டானாம். ஆபீஸ் உத்தரவு. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். செல்வியின் பெயரைக் கூப்பிட்டான். அவள் "ஆமா" சொல்லி மலைக்குப் போய்விட்டாள். தாய் திரும்ப, மகள் போக. பெற்ற பிள்ளையா இது.

நாள் முழுக்கக் கப்பல் பேச்சு. டிஸ்பென்சர் பெண்டாட்டிக்குப் படத்தில் வந்த ஒரு சிவப்புக் கவுன். குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பரா ஆயாவுக்கு, அத்தனை பேருக்கும் கக்கூஸ் எங்கே இருக்கும் என்ற கவலை. லயத்தில் முக்கால்வாசிப் பேருக்குக் கோழிக்கால். பாக்கியத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் எடுத்தால் பேச்சை மாற்றுகிறார்கள்.

மாலை கிளாக்கர் வீட்டுக்குப் போனேன். சும்மா ஒரு தமாஷ் என்றார். அவள் கிளப்புக்கு வந்து ஸ்டாஃப் முன்னால் மன்னிப்புக் கேட்கட்டும், மறுநாளே பெயர் கூப்பிடச் சொல்கிறேன் என்றார். "நீங்களே கூட்டிட்டு வாங்க மிஸ்ஸி, நீங்க சொன்னா கேப்பா." அவர் அப்பாவும் இதே மலையில் தேயிலைச் செடி கழித்து, கவ்வாத்து வெட்டியவர். அந்தக் கத்திதான் இன்னும் அவர் வீட்டு வாழைக்குலை வெட்டுகிறது. சொல்ல வாய் வந்தது. தேநீர் வந்துவிட்டது. குடித்தேன். சீ.

மார்ச் 6, புதன்

நேற்று எழுதவில்லை. காய்ச்சல் மாதிரி.

இன்றும் பாக்கியத்துக்கு வேலை இல்லை. கீழ் லயத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் சாக்கில் அவளிடம் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புச் சேதியைச் சொன்னேன். சொல்லும்போதே வெட்கம். முறத்தை நிறுத்தாமல் கேட்டாள். பிறகு தலைமன்னாரில் நடந்ததைச் சொன்னாள், நான் கேட்காமலே.

கப்பல் ஏறும் பாலத்துக்கு இந்தப் பக்கம் கயிறு கட்டித் தடுத்திருந்தார்களாம். அழுகைச் சத்தத்தில் கப்பல் சங்கே கேட்கவில்லையாம். தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு புருசன் திரும்பமுடியாமல் திரும்பினானாம். பெட்டி இடித்துப் பின்னால் வந்தவனுக்கு நெற்றியில் காயம். அதற்குச் சண்டை. அந்தச் சண்டையிலேயே உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போய்ட்டு வர்றேன் என்றுகூட அவன் சொல்லவில்லை.

கிளாக்கர் சொன்னதை விட்டுத்தள்ளு, நாய் குரைத்த மாதிரி நினைத்துக்கொள் என்றேன்.

"அவரு சொன்னதுக்கு நான் எந்திரிக்கல மிஸ்ஸி," என்றாள். "எல்லாரும் சிரிச்சாங்க. திரும்பிப் பாத்தேன். எம் மகளும் சிரிச்சா."

அவள் திரும்பவும் புடைக்கத் தொடங்கினாள். உமி என் சேலையெல்லாம்.

திரும்பும் வழியில் குழாயடியில் செல்வி. பளபளப்பான கண். பதினாறு வயது. நான் வாயைத் திறக்குமுன் அவள் கேட்டாள், அந்தக் கப்பலில் பிள்ளை பார்க்கிற வேலைக்கு இங்கிருந்து ஆள் எடுப்பார்களா என்று. அவளுக்கு அதில் ஒன்றுமே குமட்டவில்லை. விளக்கும், கம்பளம் விரித்த படியும், அவ்வளவு பெரிய வெளிச்சமும்தான் அவள் கண்ணில். அம்மா மறைத்ததில் முடிவு பார்க்கமுடியவில்லையே என்ற கோபம். எனக்கு அறையலாம்போல் இருந்தது.

தாய் ஏன் எழுந்தாள் என்று சொல்லிவிட்டேன்.

வாளி நிறைந்து வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை. "எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்," என்றாள். "அப்பா மொகமே எனக்கு ஞாபகமில்ல மிஸ்ஸி. யாரையோ சொல்றாப்லதான் இருந்திச்சி."

அறையத் தோன்றியது போய்விட்டது. வேறு என்னவோ வந்தது. பெயர் தெரியவில்லை.

மார்ச் 7, வியாழன்

எழுத நிறைய.

விடிய பெரட்டு. நான் போகக் காரணமில்லை, போனேன். பாக்கியம் இன்றும் கூடையோடு வந்து ஓரமாக நின்றாள். கணக்கப்பிள்ளை அவளைத் தாண்டிச் செல்வியைக் கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டான். செல்வி கூடையைக் கழற்றிக் கீழே வைத்து, பனி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மா பேர மொதல்ல கூப்பிடுங்க."

கணக்கப்பிள்ளை சிரித்துப் பார்த்தான், அதட்டிப் பார்த்தான். அடுத்த பெயர். அவளும் உட்கார்ந்தாள். அதற்கடுத்தவளும். ஞாயிறு சிரித்த அதே வாய்கள்தான். வெட்கமோ, பயம் விட்டதோ, யார் கண்டது. கொஞ்சத்தில் நிற்பது பாக்கியம் ஒருத்திதான்.

கிளாக்கர் வந்தார். தோட்டத்தை நடத்தும் தொரையின் ஜீப்பும் வந்தது. தொரை சிங்களவர், புதியவர், தமிழ் கொஞ்சம். என்ன பிரச்சினை என்று கேட்டார். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செல்விதான் எழுந்து சொன்னாள், கப்பல், தொட்டி, அப்பா, சிரிப்பு, தானும் சிரித்தது உட்பட. பாதி சிங்களம், பாதி தமிழ். தொரை கிளாக்கரைப் பார்த்து, டி.வி.யை மறைத்ததற்கு வேலை நிறுத்தும் சட்டம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். பிறகு மலையைப் பார்த்தார். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், கொழுந்து முற்றிவிடுமே. பெயரைக் கூப்பிடச் சொன்னார்.

"பாக்கியம்."

"ஆமாங்க."

அவ்வளவுதான். எல்லாரும் சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு மலை ஏறினார்கள்.

மார்ச் 10, ஞாயிறு

மூன்று நாளாக ஒரே வெயில். ஓடையில் தண்ணீர் குறைவு. சவர்க்காரம் வாங்கியாயிற்று, டெட்டோல் மறந்துவிட்டது. பஸ் முழுக்க நல்லதண்ணிக்குப் போகும் சிவனொளிபாத மலை யாத்திரைக் கூட்டம். நின்றே வந்தேன்.

கிளப் வாசலில் அறிவிப்பு: டி.வி. இனி ஸ்டாஃபுக்கு மட்டும். கிளாக்கர் மனைவி எனக்கு நாற்காலி போட்டிருப்பதாகச் சொல்லி அனுப்பினாள். தலைவலி என்றேன்.

லயத்தில் என்ன பேச்சு தெரியுமா? பாக்கியத்தால்தான் படம் போயிற்றாம். வியாழக்கிழமை அவளுக்காக உட்கார்ந்தவர்களே பேசுகிறார்கள். என் காதாலேயே கேட்டேன்: "அவ ஒருத்தி ரோசத்துக்கு நாம எல்லாம் இருட்டுல குந்தியிருக்கணுமா?" நடையைக் கட்டினேன். இந்தச் சனத்தோடு எப்படித்தான்.

பாக்கியம் வீட்டில் கொஞ்சம் உட்கார்ந்தேன். அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். செல்வி வெங்காயம் உரித்தாள். இருவரும் ஒரே சாக்கில் உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று செல்வி கேட்டாள், அப்பா எப்படி இருப்பார் என்று.

பாக்கியம் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். நெருப்பையே பார்த்தாள்.

"மொகம் எனக்கும் சரியா வரமாட்டேங்குது," என்றாள். "மூக்கு மட்டும் பெருசு. காது, ஒன் காதுதான். அப்பிடியே."

செல்வி வெங்காயக் கையோடு காதைத் தொட்டுப் பார்த்தாள்.