ஒரு கிணறு, நாலு மோட்டர்

04.03.2024
அலுவலகத்தில் பிரகலாதனோடு கொளுவல். பெரிய ஆலோசகராம், குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்து நிலத்தடி நீரைக் காப்பாற்றுகிறார். சோலர் மோட்டருக்கு மானியம், நல்லது. ஏற்றுமதி வாழைக்கு மானியம், அதுவும் நல்லது. இரண்டும் ஒரே தோட்டத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று மதிப்பிடத்தான் எனக்குச் சம்பளம். "தனித்தனியாப் பாத்து எழுதுங்கோ தங்கச்சி, சேத்துக் குழப்பாதேங்கோ" என்கிறார்.
தங்கச்சியாம்!

10.03.2024
எங்கள் ஊர் நீர்வேலிக்குப் போனேன். எங்கள் தோட்டக் கிணறு அப்பா காலத்திலிருந்தே நாலு வீட்டுக்குப் பங்கு. வீட்டுக்கொரு நாள் என்று இறைப்பு முறை. குடிக்கவும் அதே தண்ணீர்தான். மண்ணெண்ணெய் விலைக்குப் பயந்தே இவ்வளவு காலமும் மோட்டரை நேரத்தோடு நிற்பாட்டினார்கள். இப்போது நாலு பங்காளிகளும் ஆளுக்கொரு சோலர் மோட்டர் கேட்டிருக்கிறார்கள். நாலு பயனாளிகள் என்றால் நாலு கிணறு என்று திட்டத்தில் கணக்கு. கிணறு ஒன்றுதானே என்று எந்த மடையனும் கேட்கவில்லை.
"அப்ப முறை என்னாகும்?" என்று பங்காளிகளில் ஒருவரான என் அண்ணை கஜானனிடம் கேட்டேன்.
"வெயிலுக்கு முறை இருக்கோ? சும்மா தண்ணி வரேக்கை பூட்டி வைக்கிறதோ?"
மேலே நன்னீர், அடியில் உவர்; அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். அவருக்கு அது தெரியாதா? தெரியும். இரண்டு மடங்கு வாழை நடலாம் என்பதுதான் தலைக்குள் நிற்கிறது.

18.03.2024
திட்ட அறிக்கைக்கு என் அத்தியாயத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு மானியமும் ஒரு பங்குக் கிணற்றில் சேர்ந்து விழுந்தால் கிணறு உவராகும். கிணற்றுக்கு ஒரு மோட்டர்தான் கொடுக்கலாம்.

21.03.2024
கதை ஊருக்குப் போய்விட்டது. அண்ணை தொலைபேசியில் கத்தினார். "நாலு வீட்டு மோட்டரையும் மறிச்சது கஜானன்ரை தங்கச்சியெண்டு ஊரெல்லாம் கதை. மாதச் சம்பளக்காரிக்கு எங்கடை பாடு விளங்குமோ? இனி இஞ்சாலை வராதை!"
வரேல்லை. ஆருக்கு வேணும் உங்கடை வீடு? நல்லா இறையுங்கோ. நாசமாப் போங்கோ—
மேலே எழுதியதை வெட்டப் போவதில்லை.

02.04.2024
என் அத்தியாயத்தைப் பிரகலாதன் முழுதாக எடுத்துவிட்டார். "முடிவை மாத்தாட்டி உங்கடை பேர் வராது."
அந்தக் குப்பையில் என் பெயர் எதற்கு?

19.05.2024
நாலு மோட்டரும் கிணற்றில் பூட்டி இறைக்கத் தொடங்கியாயிற்றாம்.

14.01.2025
பொங்கலுக்கும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன்.

24.08.2025
அண்ணையின் மகள் கோபிகாவுக்குப் பிறந்தநாள் என்று கேதீஸ்வரி அண்ணி கூப்பிட்டார். அப்பவே சொன்னனான் என்று அண்ணையின் முகத்துக்கு நேரே சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் அதற்குச் சொற்களை அடுக்கிக்கொண்டே போனேன். வாழையிலைகள் ஓரம் கருகி நின்றன. எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.
அண்ணி தேத்தண்ணி தந்தார். ஒரு மிடறிலேயே உவர். அண்ணை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"சீனி காணாதோ மச்சாள்?" என்றார் அண்ணி.
"காணும் அண்ணி, அளவாத்தான் இருக்கு" என்றேன். முழுவதையும் குடித்து முடித்தேன்.