அந்த இடது கதவு

மன்னார்குடி,
சித்திரை 9

அன்புள்ள தங்கை வானதிக்கு, அண்ணன் எழுதுவது. அம்மாவும் நானும் நலம். புனே தண்ணீர் ஒத்துக்கொண்டதா, தொண்டை வலி விட்டதா என்று முதல் வரியிலேயே கேட்கச் சொன்னாள் அம்மா, கேட்டுவிட்டேன். அப்பா இருந்திருந்தால் இதை அவர் எழுதியிருப்பார், இன்னும் பதமாக. எனக்குப் பதமெல்லாம் வராது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், அதனால்தான் கடிதம்.

நீ படம் அனுப்பி, உடனே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்துவை என்றாயே, அந்த முத்து வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார், அதற்கு நான் டோக்கன் கொடுக்கவில்லை. கீறல்கூட விழாத வண்டி என்று அதை விற்கிற தஞ்சாவூர் சூர்யபிரகாஷ் விளம்பரத்தில் போட்டிருக்கிறான். அதன் இடது கதவுக்குப் பெயிண்ட் அடித்தவனே நான்தான். போன மார்கழியில் பாலத்துக் கட்டையில் மோதி என் பட்டறைக்கு வந்தது. அடியில் வெள்ளை, நடுவில் முத்துப் பூச்சு, மேலே பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர் என்று மூன்று கோட், நடுக் கோட் கொஞ்சம் கூடினாலும் வேறு வண்டிக் கதவு மாதிரி ஆகிவிடும். மூன்று தடவை தேய்த்துத் தேய்த்து அடித்தேன். அப்போது பட்டறையைச் சுற்றி சம்பா பச்சைப்பசேலென்று நின்றது, அந்தப் பச்சை வெளிச்சத்தில் நிறம் அச்சாகப் பொருந்தியது என்று நம்பி அனுப்பிவிட்டேன். அறுவடை முடிந்தபின் தஞ்சாவூரில் அதே வண்டியைப் பார்த்தேன், கதவு மட்டும் லேசாக ரோஸ் அடிக்கிறது. டிப்ளமோ படித்தும் வெளிச்சத்தை யோசிக்கத் தோன்றவில்லை. உனக்கு வந்த படம் பொழுது சாய்கிற வெயிலில் எடுத்தது, அதில் ஒன்றும் தெரியாது.

நிறம் போனால் போகிறது. வளைந்த அடிச்சட்டத்தை, அந்த சேஸை, இழுத்து நேராக்கினேன், அளவும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மோதினபோது ஸ்டியரிங்கில் இருந்த ஏர்பேக் வெடித்துவிட்டது. புதிது போட்டே ஆகவேண்டும் என்றேன். அப்புறம் பார்த்துக்கலாம், ஸ்டியரிங் மூடியை மட்டும் ஒட்டிக் கொடுங்க என்றான் சூர்யபிரகாஷ். எனக்கு அடுத்த வண்டி காத்திருந்தது. ஒட்டிக் கொடுத்தேன், எச்சரிக்கை விளக்கையும் அணைத்துக் கொடுத்தேன். உள்ளே காலி.

நேற்று அவனுக்குப் போன் போட்டு, என் தங்கைதான் இதை வாங்கக் கேட்கிறாள், விளம்பரத்தை எடு, வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவா, ஏர்பேக் போடாமல் அது யார் கைக்கும் போகக்கூடாது என்று சத்தம் போட்டேன். அவன் நிதானமாக, "அண்ணே, வாங்குறது உங்க தங்கச்சின்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேனே" என்றான். திட்ட வாயெடுத்தேன். அந்த மூடியை ஒட்டும்போது நானும் அப்படித்தானே நினைத்திருக்கிறேன், யாரோ ஒருவர் வாங்கப்போகிறார் என்று.

நேற்று மாலையே அவன் கொண்டுவந்து விட்டான், வண்டி இப்போது பட்டறையில் நிற்கிறது. காலையில் மூடியைப் பிய்த்து எடுத்துவிட்டேன், ஸ்டியரிங் ஓட்டையாக இருக்கிறது, வருகிறவன் போகிறவன் எல்லாம் என்னது என்று கேட்கிறான், சொல்கிறேன். அம்மாவிடமும் சொன்னேன். சோறு போட்டாள்.

நீ அங்கேயே வேறு வண்டி பார். உச்சி வெயிலில் வெட்டவெளியில் நிறுத்திச் சுற்றிப் பார், மெக்கானிக்கை வைத்து ஸ்டியரிங்கைப் பிரித்துப் பார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று யார் வாயால் சொன்னாலும் நம்பாதே, அது நானாகவே இருந்தாலும்.

எந்த வண்டி வாங்கினாலும் முழுசாகப் போய் முழுசாக வீடு திரும்பு, அம்மாவும் நானும் கேட்பது அதுதான். வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு மறக்காமல் போன் செய்.

உன் அண்ணன்,
வெற்றிசெல்வன்