சதுரக் கட்டையும் இரண்டு சக்குகளும்

12 மே 1943
இன்று ஆறு கிண்ணம் கடைந்தேன். பித்தளையெல்லாம் ஜப்பான்காரன் வாரிக்கொண்டு போனதிலிருந்து மரக் கிண்ணத்துக்கு நல்ல கிராக்கி. கொழுந்தன் சின்னையா பாசார் சந்தைக்கு எடுத்துப் போய், தான் கடைந்ததாகச் சொல்லி அரிசிக்கு மாற்றி வருகிறான். "பொம்பள கடைஞ்சதுன்னா எவன் அண்ணி வாங்குவான்?" அவனுக்கு உளி பிடிக்கக்கூடத் தெரியாது. ஜப்பான்காரன் குண்டு விழுந்த அன்று செத்துப்போன என் வீட்டுக்காரர் விட்டுப்போனது, காலால் மிதித்துச் சுற்றும் இந்தக் கடைசல் பட்டறை ஒன்றுதான்.

15 மே
துறைமுகத்தில் ஜப்பான்காரன் கடைசல்காரர்களை எடுக்கிறானாம். தினம் அரிசி உண்டாம். சின்னையா பேர் கொடுத்துவிட்டான்! வேலை கிடைத்தால் என் பட்டறையையும் கழற்றி அங்கே கொடுத்துவிடுவானாம். "சும்மா கிடக்கிறதுதானே அண்ணி, நமக்கு நல்ல பேர்லா." சும்மா கிடக்கிறதாம்!

17 மே
நாளை மறுநாள் சோதனை. ஒரு சதுரக் கட்டையும், பட்டறையில் கட்டையைக் கவ்விப் பிடிக்கிற சக்குகள் இரண்டும் வைத்து, எதில் மாட்டுவாய் என்று பார்ப்பார்களாம். மூன்று தாடை சக்கில் தாடைகள் எல்லாம் ஒன்றாக மூடும், உருண்டைக் கட்டைக்குத்தான் ஆகும். சதுரத்தை மாட்டினால் தெறித்துவிடும். நான்கு தாடையில் ஒவ்வொன்றையும் தனியாக முடுக்கவேண்டும். சள்ளை பிடித்த வேலை, ஆனால் பிடி விடாது.

சின்னையா வந்து எது என்று கேட்டான். "மூணு தாடை" என்றேன், கூசாமல். அறை வாங்கிக்கொண்டு வரட்டும். என் பட்டறை எனக்கு மிஞ்சும்.

பிறகு அடுத்த வீட்டுத் தச்சர் நல்லமுத்து அண்ணன் பின்வாசலில் வந்து நின்றார். அவரும் பேர் கொடுத்திருக்கிறாராம், எதில் மாட்டுவது என்று கேட்டார். "வீட்டுல தவமணிகிட்ட சொல்லிடாத தங்கச்சி. கிடைக்கலன்னா ஏங்கிப் போயிடும்." அவர் பிள்ளைகள் மூன்றும் மரவள்ளிக்கிழங்கு தின்றே வயிறு உப்பிக் கிடக்கிறார்கள். எனக்குக் கட்டை கொண்டுவந்து கொடுக்கிற மனிதர், ஒருநாளும் பதிலுக்கு ஒன்றும் கேட்டதில்லை. நான்கு தாடையில் மாட்டியே காட்டினேன். மூன்று தடவை செய்யச் சொல்லிப் பார்த்தேன்.

19 மே
சின்னையா வீங்கின கன்னத்தோடு வந்தான். கட்டை தெறித்து ஜன்னல் உடைந்ததாம். "நீங்கதானே சொன்னீங்க!" ஞாபகப் பிசகு என்றேன். சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் ஓடினேன். நல்லமுத்து அண்ணன் தேறிவிட்டார்.

20 மே
தேறினவர்களை வீட்டுக்கே விடவில்லை. அக்கரைக்குக் கொண்டுபோய், பிறை ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டார்கள். சயாமுக்கு. போனவன் எவனும் திரும்பாத, காட்டுக்குள் ரயில் பாதை போடுகிற இடத்துக்கு. துறைமுகம், அரிசி, எல்லாம் பொய்.

21 மே
கடவுளே, நான் என்ன செய்துவிட்டேன்?

9 ஆகஸ்ட்
"வேணும்னேதான் தப்பா மாட்டுனேன், ஜப்பான்காரன் வேலை நமக்குத் தெரியாதா?" — சின்னையா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். நான் போட்ட சோற்றைத் தின்று ஏப்பம் விடுகிறான். அவன் கன்னத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இவனைக் காப்பாற்றியதும் நான்தானே?

14 நவம்பர் 1945
சயாமில் பிழைத்தவர்கள் வந்துவிட்டார்கள். நல்லமுத்து அண்ணன் இல்லை. போன வருஷமில்லை, அதற்கும் முந்தைய வருஷமே காலராவில் போய்விட்டாராம்.

2 டிசம்பர்
தவமணி இப்போது என்னிடம்தான் வேலை செய்கிறாள். கிண்ணத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இன்று கேட்டாள்: "அவருக்குக் கடைசலே தெரியாதேக்கா. தப்பா மாட்டியிருந்தா ரெண்டு அறையோட வீட்டுக்கு வந்திருப்பாரு. எந்தப் பாவி சொல்லிக் குடுத்தானோ?"

"தெரியலையேம்மா" என்றேன். மிதியை நிறுத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். குடித்தேன்.