இடது கையால் ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே உன் உடம்பும் மனசும் திடமாக இருக்கட்டும்.

உன் மகள் வேளைக்குச் சாப்பிடுகிறாள். மாப்பிள்ளை இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டுவிட்டார். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போகிறது. அதுதான் இப்போது ஃபேஷன் என்று இவள் பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறாள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. போர்முனை ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் நீ ஒருத்திதான், ஆனாலும் கேட்டால் விடுப்பு கிடைக்கும் என்று எழுதியிருக்கிறாய். "வந்துடட்டுமாம்மா? விட்டுட்டு வந்ததுக்குப் பாப்பா என்னை மன்னிப்பாளா?" என்று கேட்டிருக்கிறாய். என்ன பதில் எழுதுவது என்று குழம்பிக்கொண்டிருந்தபோது, வீடு மாறிய உன் சித்தி பழைய ரசீதுகளோடு கட்டியிருந்த ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே உன் தாத்தாவும் பாட்டியும் அந்தக் காலத்துப் போரின்போது எழுதிக்கொண்ட அறுபத்து மூன்று கடிதங்கள்.

பாட்டி நர்ஸாகப் போருக்குப் போனாள். ஒரு காது கேட்காததால் தாத்தாவைப் பட்டாளத்தில் எடுக்கவில்லை. ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நிலையத்தில் அவருக்கு வேலை. மீதி நேரமெல்லாம் நான்கு வயது நான்தான் அவருக்கு வேலை. ரேஷன் வரிசையில் நின்ற ஒருவர், "பொண்டாட்டிய சண்டைக்கு அனுப்பிட்டு இவரு மாவு பிசையறாரு" என்றாராம். அதைப் பாட்டிக்கு எழுதிவிட்டு, "நல்லவேளை, செவிட்டுக் காதுப் பக்கம் நின்று சொன்னான்" என்று சேர்த்திருக்கிறார்.

அவர்கள் கொஞ்சிப் பேசி நான் பார்த்ததில்லை. கடிதத்தில் வேறு மாதிரி. "உன் தலையணையைப் பாப்பா எடுத்துக்கொண்டாள். கெஞ்சிக் கேட்டும் தரவில்லை" என்கிறார் இவர். "இங்கே இருநூறு படுக்கை. ஒன்றிலும் நீங்கள் இல்லை என்று தினமும் பார்த்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறேன்" என்கிறாள் அவள்.

ஒரு மத்தியானம் எங்கள் ஊரில் குண்டு விழுந்தது. பக்கத்து வீட்டு அத்தை என்னைப் பதுங்குகுழிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். என் அப்பா ஓடவில்லை. பம்ப் நின்றால் தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் இல்லை. நெருப்பு பம்ப் நிலையத்துச் சுவர்வரை வந்தபோதும், கொதித்துக்கிடந்த வால்வைக் கையால் திருகித் தண்ணீரைத் தெருப்பக்கம் திருப்பியிருக்கிறார். மூன்று தெருக்கள் பிழைத்தன. அந்த வாரம் பாட்டிக்கு அவர் எழுதியது இவ்வளவுதான்: "கொஞ்சம் வேலை அதிகம். பாப்பாவுக்கு ஒரு பல் ஆடுகிறது."

நர்ஸிடம் நடக்குமா? பதில் வந்தது. "இது இடது கை எழுத்து. வலது கைக்கு என்ன? விரல் மடங்குகிறதா? கட்டு மாற்றுவது யார்? விடுப்பு தருகிறார்கள். வரட்டுமா?"

தாத்தாவின் கடிதத்தை அப்படியே எழுதுகிறேன். "விரல் மடங்குகிறது. கட்டு மாற்றுவது நம் பாப்பா. வா என்று எழுதத்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனால் உன் இருநூறு பேருக்கும் அங்கே பாப்பா இல்லை. முடித்துவிட்டு வா. நாங்கள் இருப்போம்."

இரண்டரை வருடம் கழித்து வந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவங்க எத்தனை நாள் இருப்பாங்க?" என்று கேட்டேன். அம்மா அழவில்லை. தரையில் உட்கார்ந்து, "இங்க ஒரு நர்ஸம்மா நல்லா கட்டுப் போடுவாங்களாமே, கத்துக்க வந்திருக்கேன்" என்றாள். சாயங்காலம்வரை அவள் கையிலும் காலிலும் கட்டுப் போட்டுக் காட்டினேன். அப்படியே அவள் மடியில் தூங்கிப்போனேன்.

அம்மா விட்டுவிட்டுப் போன குழந்தை நான். அதனால் சொல்கிறேன். கோபம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். பெரியவளானதும் அந்தக் கோபம் இருந்த இடத்தில், நான் யார் மகள் என்கிற கர்வம் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

இரு என்றோ வா என்றோ நான் சொல்லப்போவதில்லை. முடிவு உன்னுடையது. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைபட்டவர்கள் எல்லோரும் கண் விழிக்க வேண்டும். உன்னைப் பற்றி எனக்கு இருக்கும் பெருமையை எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதற்காகவாவது முழுசாக வந்து சேரடி.

உன்,
அம்மா