திங்கட்கிழமை குறித்தது என் பிழை

பங்குனி, திங்கள் இரவு.

கடலுக்குப் போகிறவன் அடையாள அட்டையை இராணுவ முகாமில் கொடுத்துவிட்டுத்தான் படகில் ஏறலாம் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். இது அநியாயம். திங்களிலிருந்து யாரும் அட்டை கொடுப்பதில்லை, கடலுக்கும் போவதில்லை என்று நேற்று ஞாயிறுப் பூசை முடிந்ததும் நான் சொன்னேன். மாதா கோயில் வாசலில் எல்லோரும் கை உயர்த்தினார்கள்.

இன்று விடிய, முகாம் வாசலில் முழு ஊரும் வரிசையில் நின்றது. என் மருமகன் அந்தோனி மூன்றாவது ஆள்.

"நீயுமோடா?" என்றேன்.

"ஞாயிறெண்டு நேற்றும் தொழிலில்லை, மாமா. இண்டைக்கும் இல்லையெண்டால் பிள்ளையள் என்னத்தைத் தின்னுறது? உங்கட புரட்சியை வியாழனுக்கு மாத்துங்கோ."

வரிசை சிரித்தது. காவலுக்கு நின்ற ஆமிக்காரன்கூடத் தமிழ் விளங்காமலே சிரித்தான். நான் அந்தோனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அரசாங்கத்தை எதிர்த்து எழும்பலாம் என்று எத்தனையோ வாசித்தேன். ஓய்வு நாளுக்கு மறுநாள் சோற்றைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. களைத்துப்போனேன். ஆனாலும் முடியாது என்று எழுத மாட்டேன்.

அடுத்த முறை, படகுகளின் சொந்தக்காரரான சம்மாட்டி வயல் ஊரான அடம்பனிலிருந்து அரிசி மூடைகளை முன்னமே எடுப்பிக்க வேண்டும். பெண்கள் அதை வீடு வீடாகப் பங்கிட வேண்டும். சுவாமியார் பிரசங்கத்தில் சொல்ல வேண்டும். அந்தோனி முதல் ஆளாகக் கடலுக்குப் போகாமல் வீட்டில் நிற்க வேண்டும். அதைக் கேட்க அவன் வீட்டுக்கு நான்தான் போக வேண்டும்.