காது கேளாத அத்தை

12 டிசம்பர் 2006

தபாலில் ஒரு குறுந்தகடு வந்தது. தம்பி தனசேகரனின் மகள் வித்யாஸ்ரீ, பெங்களூரில் தான் வேலை பார்க்கும் நிறுவனத்துக்காக உருவாக்கிய கணினி விளையாட்டு. பயமுறுத்துவதற்கென்றே செய்யப்பட்டதாம். 'பலம் என்ன, பலவீனம் என்னன்னு தாட்சண்யம் பாக்காம எழுதுங்க அத்தை. இருபத்தாறாந் தேதிக்குள்ள வேணும். மனோதத்துவம் படிச்சவங்க நம்ம குடும்பத்துல நீங்கதானே' என்று துண்டுச் சீட்டு. படித்தது மட்டுமா? முப்பத்துமூன்று ஆண்டுகள் கற்பித்தேன். தம்பி காலமான பிறகு என்னை அத்தை என்று அழைக்க மிஞ்சியவள் இவள் ஒருத்திதான். அதற்காக மதிப்பெண் கூட்டிப் போடுவதாக இல்லை.

14 டிசம்பர்

மூடுபனி சூழ்ந்த மலைவீடு. சிறுமி ஒருத்தியாக நாம் அதற்குள் நடக்க வேண்டும். ஆயுதம் இல்லை. தீப்பெட்டியில் ஏழே குச்சிகள். வீட்டினுள் ஏதோ ஒன்று நடமாடுகிறது.

பலம்: அந்த ஏதோ ஒன்றை முதல் ஒரு மணி நேரம் காட்டவே இல்லை. ஓட்டின்மேல் மிளகுக்கொடி உரசும் ஓசை மட்டும். மீதியை மனம் தானே செய்துகொள்கிறது. குச்சிகளின் பஞ்சமும் நல்ல உத்தி. உரசலாமா வேண்டாமா என்று யோசிப்பதிலேயே நாக்கு உலர்ந்துவிடுகிறது.

பலவீனம்: சமையலறையில் அது வெளிப்பட்டபோது பலாப்பழத்துக்குக் கால் முளைத்ததுபோல் இருந்தது. மேலும், அறைக்கு அறை யாரோ கிழித்துப்போட்ட நாட்குறிப்புத் தாள்கள் கிடந்து கதையை விளக்குகின்றன. நாட்குறிப்பு எழுதுகிறவள் அதைக் கிழித்து அண்டாவுக்குள் போட்டு வைப்பாளா?

வீட்டு வேலைக்கு வரும் பாப்பாத்தி பின்னால் நின்று பார்த்தாள். "ஏனுங்கம்மா, காசு குடுத்துப் பயப்படுவாங்களாக்கும்? எங்கூட்டுக்கு வரச் சொல்லுங்க, எம்மாமியாளச் சும்மாவே காட்டறேன்."

15 டிசம்பர்

சமையலறையில் ஆறு முறை செத்தேன். பலாப்பழத்தை ஏளனம் செய்திருக்கக் கூடாது.

17 டிசம்பர்

பின்கட்டு அறைக்கு வந்து சேர்ந்தேன். கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே இழுப்பு வாங்கும் மூச்சு. பிறகு ஒரு பெண்குரல்: "அக்கா." இடைவெளி. "அக்கா." அவ்வளவுதான்.

எல்லா விசைகளையும் அழுத்திப் பார்த்தேன். பதில் சொல்லவோ கதவைத் திறக்கவோ வழியே இல்லை. முன்னறையில் ஒரு பெண்மணி முதுகு காட்டி அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். சிறுமி அவளை நெருங்கினால் திரையில் எழுத்து தோன்றுகிறது: 'அத்தைக்குக் காது கேட்காது.' சற்று நேரத்தில் அந்த மூச்சு நின்றுவிடுகிறது.

பாப்பாத்திக்குப் பரம திருப்தி. "வெவரமான புள்ளைங்க! மூணாந்தரம் கூப்பிட்டாத்தான் வாயத் தொறக்கோணும். ஒண்ணு ரெண்டுன்னா அது காத்துக்கருப்பு. வித்யாக் கண்ணுக்குச் சின்னதுலயே நாந்தான் சொல்லிக் குடுத்தேன். மறக்கல பாருங்க."

கணினியை அணைத்தேன். முறைப்படி அல்ல, மின்கம்பியைப் பிடுங்கி.

18 டிசம்பர்

எழுதித்தான் ஆக வேண்டும். 1987, டிசம்பர் கடைசி வாரம், நான் இப்போது இருக்கும் இதே மலைவீடு. தம்பி மிளகு மூட்டைகளோடு மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கியிருந்தான். அவன் மனைவி ராசாமணி இழுப்போடு பின்கட்டில் படுத்திருந்தாள். மாலை ஐந்து மணி. முற்றத்துச் சுவர் தெரியாத பனி. நான் முன்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "அக்கா" என்றாள். மறுபடியும் "அக்கா." மூன்றாவதற்குக் காத்திருந்தேன். பேய்க்குப் பயந்தா? இல்லை. தாள் பாதியில் இருந்தது, ஊர்வழக்கம் கைக்கு வசதியாக இருந்தது. இழுப்புக்காரிக்கு மூணாந்தரம் கூப்பிட மூச்சு ஏதுடி? படிச்சவதானே நீ?

அரை மணி கழித்துப் போனேன். எல்லாம் முடிந்திருந்தது. 'ஒரு சத்தமும் கேட்கவில்லை' என்று தம்பியிடம் சொன்னேன், வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னேன்.

ஒன்பது வயது வித்யா அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள் என்றல்லவா நினைத்தேன். தூங்கவில்லை. கேட்டிருக்கிறாள். பாப்பாத்தி சொல்லிக்கொடுத்தபடி மூன்றாவதற்குக் காத்திருந்திருக்கிறாள். நான் சொன்ன பொய்யை நம்பி, கேட்டவள் தான் ஒருத்திதான் என்று — பத்தொன்பது வருஷமாக —

20 டிசம்பர்

வித்யா தொலைபேசியில் அழைத்தாள். "கடைசி வரைக்கும் ஆடிட்டீங்களா அத்தை? எங்க மேலாளர் கோகுல்நாத், மூணாவதா ஒரு கூப்பாடு சேர்த்து, கதவு தொறக்கற மாதிரி வைக்கச் சொல்றாருங்க. ஆடறவங்களுக்கு என்னமோ ரிப்பேராயிட்ட மாதிரி இருக்குதாம்."

"நீ என்ன சொல்றே?"

"அந்தப் புள்ளைக்குத் தொறக்கவே முடியக் கூடாதுங்க. தப்பு அவளுதுதானே."

"சரியாத் தூங்கறியா நீ?"

"வேலை முடியட்டுங்க, தூங்கிக்கலாம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அடுப்பில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லித் தொலைபேசியை வைத்தேன். சொன்னால் இவளை இழப்பேன். சொல்லாவிட்டால் இவள் அந்தக் கதவருகிலேயே நிற்பாள். எது வேண்டும் உனக்கு?

21 டிசம்பர்

மதிப்பீட்டை முடித்தேன். பலங்கள் ஒன்றரைப் பக்கம். முகத்தாட்சண்யம் இல்லை, உண்மையிலேயே தேர்ந்த வேலை. பலவீனங்களில் பலாப்பழம், நாட்குறிப்புத் தாள்கள், மாடிப்படியில் கால் சிக்குவது. கடைசிப் பத்தியை அப்படியே இங்கே படியெடுக்கிறேன்:

'மூன்றாவது அழைப்பைச் சேர்க்காதே. அப்படி ஒன்று இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பிழை இருக்கிறது. அத்தைக்குக் காது கேட்கும். அன்று இரண்டு முறையும் கேட்டது. கேட்கவில்லை என்றது பொய். ஒன்பது வயதுப் பிள்ளை காத்திருந்ததும் ஐம்பத்துமூன்று வயதுக்காரி காத்திருந்ததும் ஒன்றல்ல. இதைத் திருத்தாவிட்டால் உன் விளையாட்டு முழுவதும் தவறு.'

செம்மேட்டுத் தபால் நிலையத்துக்கு நடந்து போய் விரைவுத் தபாலில் சேர்த்தேன்.

27 டிசம்பர்

வித்யாவிடமிருந்து தொலைபேசி இல்லை.

1 ஜனவரி 2007

இல்லை. பாப்பாத்தி சொல்கிறாள்: "போன எத்தன தடவதான் எடுத்துக் காதுல வெப்பீங்க? அது உசுரோடதான் கெடக்குது."

7 ஜனவரி

பகல் பேருந்தில் வித்யா வந்து இறங்கினாள். நலம் விசாரிக்கவில்லை. "அன்னிக்கு எதுல உக்காந்திருந்தீங்க?" நாற்காலியைக் காட்டினேன். "எந்தப் பக்கம் பாத்து?" காட்டினேன்.

பையிலிருந்து கேமராவை எடுத்தாள். "உக்காருங்க. அத்தையை மாத்தி வரையோணும். கேட்டது தெரியோணும். ஆனா திரும்பக் கூடாது."

அமர்ந்தேன். "இப்பக் கூப்பிடறாங்க" என்றாள் பின்னாலிருந்து. சற்றுப் பொறுத்து, "மறுபடியும்." என் கழுத்து விறைத்தது. "அப்பிடியே இருங்க." ஏறக்குறைய ஒரு மணி நேரம். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்க அனுமதி இல்லை.

கருவியை மூடிய பிறகு கேட்டேன்: "அந்தப் புள்ளைக்கு என்ன செய்யப் போறே?"

"கதவைத் தொறக்க ஒரு பட்டன் வெச்சிருக்கேனுங்க. தொறந்தாலும் அம்மா பொழைக்க மாட்டாங்க. ஆனா, உள்ள போலாம்."

பாப்பாத்தி வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை வித்யா இரண்டு முறை வாங்கித் தின்றாள். நான்கு மணிப் பேருந்துக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கூடத்துப் பாயில் சாய்ந்தவள் வாய் திறந்து தூங்கிவிட்டாள். வளைவில் பேருந்தின் ஒலிப்பான் கேட்டது.

எழுப்பவில்லை.